சர்வர் முகப்பில் சிவப்பும் மஞ்சளும்: எதற்கு ஓடுவது?

இரவு ஷிப்ட்: சிங்கப்பூரில் தை செங் பக்கம் டேட்டா சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு டெலிகாம் சர்வரின் முகப்பில் கிரிட்டிக்கல், மேஜர் அலாரம் இரண்டுமே சிவப்பு விளக்கு, மைனர் மட்டும் மஞ்சள். இப்போது மஞ்சள் எரிகிறது, கூடவே நீலம் வேறு மின்னுகிறது. தூங்கும் பொறுப்பாளரை எழுப்பிச் சொல்லலாமா, காலை வரை விடலாமா அண்ணே?

பழைய கை: நிறத்தை நம்பாதே தம்பி, விளக்குக்குக் கீழே உள்ள எழுத்தைப் படி. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் எக்ஸ்.733 என்ற அலாரம் தரநிலைக் கணக்குப்படி கிரிட்டிக்கல் என்றால் சேவையே அடிபட்டுவிட்டது, உடனே கை வைக்க வேண்டும். மேஜர் என்றால் சேவை நொண்டுகிறது, அதுவும் அவசரம்தான். மைனரில் சேவைக்கு இன்னும் பாதிப்பில்லை, ஆனால் விட்டால் வளரும். நீலம் அலாரமே இல்லை, ரேக்கில் பெட்டியைக் கண்டுபிடிக்க யாரோ தூரத்திலிருந்து போட்டுவிட்ட அடையாள விளக்கு. பின்பக்கம் போய் இரண்டு பவர் சப்ளையையும் பார்.

இரவு ஷிப்ட்: பார்த்தேன். ஒன்றில் பச்சை இல்லை, அதற்குக் கரண்ட் வரும் பி ஃபீடின் (இரண்டு மின் வழிகளில் ஒன்று) பிரேக்கர் விழுந்திருக்கிறது.

பழைய கை: அப்படியானால் எழுப்பு. இன்னொரு ஃபீடும் போனால் சிவப்பு எரியக்கூட கரண்ட் இருக்காது. நீயாக பிரேக்கரைத் தூக்கிவிடாதே, ஏன் விழுந்தது என்று முதலில் தெரியட்டும்.