சொந்த வீட்டுல காமெடி குறும்படம் எடுத்தவங்க வாங்க. இன்னும் உறுத்துற ஒரு சம்பவம் இருந்தா சொல்லுங்க

மாடிப்படி:
நானே ஆரம்பிக்கிறேன். 11 நிமிஷப் படம், ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில முடிச்சது. புறநகர்ல ஒரு வீடு, அப்பா, அம்மா, ரெண்டு பசங்க. அப்பா வேஷத்துக்கு ஒத்துக்கிட்டவர் கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டார். அதனால என் அப்பாவையே போட்டேன்.

காமெடி என்னன்னா, அந்த அப்பா வீடு முழுக்க நடந்து நடந்து லைட்டை அணைச்சுக்கிட்டே இருப்பார். ஆள் உள்ள இருந்தாலும் அணைப்பார். மூணாவது தடவை பாத்ரூம் லைட். உள்ள இருந்து ஒரு அலறல், கட். எங்க அப்பா நிஜத்துலயும் அப்படித்தான், அதைப் பாத்துத்தான் எழுதினதே.

நாலாவது டேக். லைட்டை அணைச்சார். ஹால் வெளிச்சம் மட்டும் முதுகுக்குப் பின்னால. ஃப்ரேமை விட்டுப் போகணும், போகல. அப்படியே நின்னு, "நான் உக்காந்திருக்கிற ரூம்ல லைட் எரியுதா இல்லையான்னு என்னிக்காவது யாராவது பாத்திருக்கீங்களா?"ன்னார். ஸ்கிரிப்ட்ல அந்த வரி கிடையாது.

மொத்த யூனிட்டும் வெடிச்சுச் சிரிச்சுது. நானும்தான். அவர் சிரிக்கல.

அதைப் படத்துல வெச்சேன். திரையிட்ட அன்னிக்குப் பெரிய சிரிப்பு அங்கதான் வந்துச்சு. பக்கத்து சீட்ல இருந்த அப்பா என் பக்கம் திரும்பாமலே "நல்லா சிரிக்கிறாங்க"ன்னார். அது பாராட்டா வேறெதாவதான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

கேட்டோரம்:
எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஷூட் அன்னிக்குப் பார்த்துத்தான் சுவத்துல டிரில்லிங் போட்டார். போய்க் கெஞ்சினதும் உடனே நிறுத்திட்டார், நல்ல மனுஷன். பிரச்சனை என்னன்னா, நிறுத்திட்டு உள்ள போகாம காம்பவுண்ட் சுவர் ஓரமா நின்னு வேடிக்கை பாத்தார்.

நாங்க எடுத்த சீன், புருஷன் பொண்டாட்டி சண்டை. காரை யார் வாசல்ல குறுக்கா நிறுத்தினதுன்னு ஆரம்பிச்சு எங்கெங்கயோ போய், கடைசியில கல்யாணத்துக்கு முன்னாடி சொன்ன ஒரு பொய்யில வந்து நிக்கும். கட் சொன்னதும் அவர் கேட்டார், "தம்பி, இது எங்க வீட்ல நடந்ததுதானே?"

ஆமாம், அங்கதான். ரெண்டு வருஷமா அந்தச் சுவர் வழியா கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். "இல்லவே இல்ல சார், கற்பனை"ன்னேன். அதுக்குள்ள வீட்டுக்குள்ள இருந்து அவர் மனைவி குரல்: "நான் பேசுற மாதிரியே இருக்கே, அந்தப் பொண்ணு யாரு?"

இப்ப எதிர்ல பாத்தா சிரிப்பார், நானும் சிரிப்பேன். ஆனா அந்தப் பக்கம் சண்டைச் சத்தமே கேக்கறதில்ல. சமாதானமாயிட்டாங்களா, மெதுவா சண்டை போடறாங்களான்னு தெரியல.

பூம்காரன்:
மாடிப்படி, யூனிட்டே சிரிச்சதுன்னு சொல்றீங்களே, அப்ப அந்த டேக் சவுண்டை எப்படி உபயோகிச்சீங்க? வசனத்தோட வாலு மேலேயே சிரிப்பு ஏறியிருக்குமே. காமெடி எடுக்கிறவங்க யூனிட்டுக்கு முதல்ல சொல்ல வேண்டியதே இதுதான்: உதட்டைக் கடிச்சுக்கோ, கைக்குட்டையை வாயில வை, முடியலன்னா வெளிய ஓடு.

வீட்டுல எடுக்கிறப்ப இன்னும் சில விஷயம். ஃபேனை நிறுத்துவாங்க, ஃப்ரிட்ஜை மறந்துடுவாங்க. அதோட ஹம் ஒரு ஷாட்ல இருக்கும், அடுத்ததுல இருக்காது, ஒவ்வொரு கட்லயும் குதிக்கும். ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணிட்டு வண்டிச் சாவியை அதுக்குள்ள வைங்க. சாவி இல்லாம கிளம்ப முடியாது, அதனால திரும்ப ஆன் பண்ண மறக்கவும் முடியாது. ஒவ்வொரு ரூமிலயும் எல்லாரையும் சும்மா நிக்க வெச்சு 30 செகண்ட் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதப்ப அந்த ரூம்ல இருக்கிற சத்தம், எடுங்க. எல்ஈடி பல்பு சிலது கேமரால துடிக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்னா கேமரா ஷட்டரை 1/50 செகண்ட்ல வைங்க, 60 ஹெர்ட்ஸ்னா 1/60.

எடிட்டிங்ல, செகண்டுக்கு 24 ஃப்ரேம்னா அதுல ரெண்டு ஃப்ரேம் முன்ன பின்ன வெட்டினாலே சிரிப்பு செத்துடும். க்ளோசப்புக்குப் பறக்காதீங்க. யாரு சொன்னா, யாரு முழிச்சான்னு ரெண்டு பேரும் ஒரே ஷாட்ல தெரியணும். நீளமும் முக்கியம். கான் பட விழாவோட குறும்படப் போட்டிக்கு டைட்டில் எல்லாம் சேர்த்து 15 நிமிஷம்தான். ஆஸ்கர் 40 வரைக்கும் விடும், ஆனா ஒரு காமெடியை 40 நிமிஷம் பாக்கிற பொறுமை யாருக்கும் கிடையாது.

என் அனுபவம்: மாமா சட்டைக்குள்ள மைக் ஒட்டினேன். நாள் பூரா நெஞ்சு முடி உரசல். அவ்வளவுதான்.

மாடிப்படி:
யாரும் கேக்காத பாடத்துக்கு நன்றி பூம்காரன். ஆனா கேள்வி சரியான கேள்வி. டப்பிங் பண்ணலாம்னு அப்பாவை உக்கார வெச்சு, ஃபோன்ல அந்தத் துண்டைப் போட்டுக் காட்டி, அதே வரியைச் சொல்லச் சொன்னேன். மூணு தடவை சொன்னார். மூணும் நியூஸ் வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. "இப்ப வராதுப்பா"ன்னுட்டு எழுந்து போயிட்டார். கடைசில எங்க சிரிப்போடவே வெச்சேன், படத்துல குடும்பமே சிரிக்கிற மாதிரி. அந்தச் சிரிப்புல ஒண்ணு என்னுது.

ரெண்டாவதுபொண்ணு:
நான் படம் எடுத்தவ இல்ல. எடுக்கப்பட்டவ. எல்லாரும் இந்தப் பக்கத்துல இருந்தே பேசறீங்க, அதான் எழுதறேன்.

என் தம்பி எங்க வீட்டைப் பத்தி ஒரு படம் எடுத்தான். அதுல ஒரு அக்கா. கோவம் வந்தா பதில் பேசாம போய், ரூம் கதவை மெதுவா, ரொம்ப மெதுவா, தாழ்ப்பாள் "டிக்"குனு விழற வரைக்கும் சாத்துவா. நல்லாத்தான் எடுத்திருந்தான். நானே சிரிச்சேன்.

ஆறு மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரப் பையன், ஏழெட்டு வயசிருக்கும், என்னையே பாத்துக்கிட்டுக் கதவை மெதுவா சாத்திக் காமிச்சான். "டிக்". கூட இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க.

அந்தக் கதவு ஒண்ணுதான் அந்த வீட்ல எனக்குன்னு இருந்துச்சு. இப்ப கோவம் வந்தா மொட்டை மாடிக்குப் போறேன். மாடிப்படி, உங்க அப்பாகிட்ட அதை வெக்கலாமான்னு கேட்டீங்களா? சிரிப்பு வந்துச்சா இல்லையாங்கிறது அப்புறம்.

ஒத்தைடேக்:
அக்கா, மரியாதையோடவே சொல்றேன், ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேட்டு எடுத்தா அது குடும்பப் படம் இல்ல, கல்யாண வீடியோ. காமெடின்னா யாராவது நனையத்தான் செய்வாங்க. 1895-லயே, சினிமா பிறந்த காலத்துல, பிரான்ஸ்ல லூமியர் சகோதரர்கள் எடுத்தது என்ன? தோட்டக்காரர் தண்ணி பாய்ச்சறார், ஒரு பையன் ஹோஸை மிதிக்கிறான், தண்ணி நிக்குது, இவர் குனிஞ்சு முனையைப் பாக்குறார், பையன் காலை எடுக்குறான், மூஞ்சியில பீய்ச்சி அடிக்குது. ஒரு நிமிஷம்கூட வராது. அதுல நடிச்சவர் அவங்க வீட்டு நிஜத் தோட்டக்காரர். இன்னிக்குப் பாத்தாலும் சிரிப்பு வருது.

ரெண்டாவதுபொண்ணு:
அவர் சிரிச்சாரா?

ஒத்தைடேக்:
பையனைத் துரத்திப் பிடிச்சு அடிப்பார்.

ரெண்டாவதுபொண்ணு:
அப்ப சரி. தம்பியை நான் அடிக்கல.

கேட்டோரம்:
ஒத்தைடேக், உங்க சொந்த அனுபவம் எங்க? தலைப்பு அதுதானே.

நிழற்குடை:
இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதது. எங்க படத்துல அப்பா அம்மா சண்டை போடறப்ப ஓரமா ஹோம்வொர்க் எழுதற பையனா என் அக்கா மகன் நடிச்சான். ஆறு வயசு. வசனம் கிடையாது, எழுதினா போதும்னு சொல்லியிருந்தேன். அப்பா அம்மாவா நடிச்சவங்க ரெண்டு பேரும் நாடகத்துல இருந்து வந்தவங்க, கூரை அதிரும்.

மூணாவது டேக்ல சத்தம் ஏறினதும் பையன் பென்சிலைக் கீழ வெச்சான். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். அடுத்த ஜன்னலையும் சாத்தினான். எட்டாத மேல் கொக்கிக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அப்புறம் வந்து உக்காந்து விட்ட இடத்துல இருந்து எழுத ஆரம்பிச்சான். அந்த ரெண்டு பேரும் தொழில்காரங்க, சண்டையை நிறுத்தவே இல்ல.

மானிட்டர் பக்கத்துல நின்ன எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கினாங்க. அக்கா மட்டும் மானிட்டரைப் பாக்காம அவனையே பாத்துக்கிட்டிருந்தா. "யாருடா ஜன்னலைச் சாத்தச் சொன்னது?"ன்னு நான் கேட்டதுக்கு, "வெளிய கேக்கும்ல"ன்னான்.

பூம்காரன்:
ஜன்னல் சாத்தினது சவுண்டுக்கு நல்லதுதான், தெருச் சத்தம் குறையும். ஆனா அதே டேக்ல பாதியில அம்பியன்ஸ், அதான் பின்னணிச் சத்தம், மாறியிருக்கும், கவனிச்சீங்களா? அந்த டேக்கையா வெச்சீங்க?

நிழற்குடை:
ரெண்டாவது டேக்கை வெச்சேன். மூணாவது ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. அக்கா அழிக்கவும் சொல்லல, வெக்கவும் சொல்லல.