அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகும் வயிற்றுப் பக்கம் ரத்தம் ஓடுகிறதாம், பாதி வேலைதான் முடிந்ததா?

வாழைத்தோப்பு:
அப்பாவுக்கு 61 வயது, சின்னமனூர் பக்கம் வாழை விவசாயம். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை மோட்டார் போடப் போனவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் போன இடத்தில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மதுரைக்குக் கொண்டுபோய் சிடி எடுத்த பிறகுதான் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருப்பது தெரிந்தது. டைப் பி, அதாவது மார்பில் கீழே இறங்கும் பகுதியில் கிழிசல் என்றார்கள். பிரஷர் 210. மருந்தில் அதை இறக்கியும் வலி விடாததால் தொடை வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட் வைத்தார்கள்.

இப்போது மூன்றாவது மாத சிடி வந்திருக்கிறது. மார்புப் பகுதியில் ஃபால்ஸ் லூமென், அதாவது கிழிசலால் சுவருக்குள் உண்டான பொய்க்குழாய், உறைந்துவிட்டதாம், வயிற்றுப் பகுதியில் இன்னும் ரத்தம் ஓடுகிறதாம். டாக்டர் "எதிர்பார்த்ததுதான்" என்கிறார். அப்பாவோ, "உடைப்பை அடைச்சாச்சுன்னா கீழ ஏன்டா தண்ணி ஓடுது?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

சிடி அறை:
நான் டாக்டர் இல்லை, பதினான்கு வருடமாக சிடி எடுக்கிறவன். உங்கள் அப்பா சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார். உடைப்பு ஒன்று அல்ல என்பதுதான் பதில்.

மேலே, இடது கைக்குப் போகும் குழாய்க்குச் சற்றுக் கீழே முதல் கிழிசல். அதன் வழியாகப் புகுந்த ரத்தம் சுவரின் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே இறங்கும். வழியில் கிளைக்குழாய்கள் பிரியும் இடங்களில் சவ்வு பிய்ந்து சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். ஸ்டென்ட் மேல் கிழிசலை மூடியதும் நேரடி வேகம் நின்று, மார்பில் ரத்தம் தேங்கி உறைகிறது. நசுங்கிக் கிடந்த அசல் குழாய் விரிகிறது. கீழே உள்ள ஓட்டைகள் வழியாக இன்னும் போய் வரும்.

அப்படியானால் துணியைக் கீழே வரைக்கும் போட்டால் என்ன? போட்டால் குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் போகும் வாய்கள் அடைபடும். மார்பிலேயே அதிக நீளம் மூடினால் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால் விழும் ஆபத்து உண்டு. ரிப்போர்ட்டில் இடது சிறுநீரகக் குழாய் எதிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். சிலருக்கு அது ஃபால்ஸ் லூமெனிலிருந்தே வரும். அப்போது கீழே ஓடுகிற ரத்தம்தான் அந்தச் சிறுநீரகத்துக்குச் சோறு.

இன்ஸ்டெட் என்ற ஆய்வில், சிக்கலில்லாத டைப் பி உள்ள 140 பேரை மருந்து மட்டும், மருந்தோடு ஸ்டென்ட் என்று பிரித்தார்கள். இரண்டு வருடத்தில் உயிர் காப்பதில் ஸ்டென்ட்டால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஐந்து வருடத்தில் மகாதமனியால் இறந்தவர்கள் மருந்துப் பக்கம் 19.3 சதவீதம், ஸ்டென்ட் பக்கம் 6.9. நிதானமாகப் பலன் தருகிற வைத்தியம் இது.

ஆனால் அலட்சியம் வேண்டாம். பாதி உறைந்து பாதி ஓடும் குழாய் மெல்ல வீங்கலாம். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது இந்த ஸ்கேன் படங்கள் உள்ள வட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதே இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் கூடியது என்பதுதான் கேள்வி.

நாலாம் வருடக்காரன்:
எனக்கும் இதே கதை, கீழே இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வலி போனதும் மாத்திரையை நிறுத்துகிற புத்தி எனக்கு வந்தது, அப்பாவுக்கு வர விடாதீர்கள். எனக்குச் சொன்ன கணக்கு, மேல் பிரஷர் 120-ஐத் தாண்டக் கூடாது. வாழைத்தார் தூக்குவது இனி கிடையாது. மூச்சை அடக்கித் தூக்கும்போது பிரஷர் எகிறும். அப்புறம், காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு என்று எங்கே போனாலும் இந்த விஷயத்தை முதலில் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளை மகாதமனிக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு வழியிருந்தால் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் எச்சரித்திருக்கிறது.

வாழைத்தோப்பு:
ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இடது சிறுநீரகம் ஃபால்ஸ் லூமெனிலிருந்துதானாம்! அப்பாவிடம் சொன்னதும், "அப்ப அது கசிவு இல்ல, பாசனம்"னு சொல்லிவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொன்னார். தார் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அம்மா முன்னால்தான் சொல்ல வேண்டும்.