ஹு தாவ்: மெனுவில் அட்டாக் ஏறுகிறது, அடி ஏறவில்லை. எங்கே கோட்டை விடுகிறேன்?

ராத்திரி_ராக்கெட்:
கென்ஷின் இம்பாக்ட் கேமில் ஹு தாவ் என்ற பைரோ (நெருப்பு) கேரக்டரை லெவல் 90 வரை ஏற்றி, இருந்த ரெசின் (பரிசு எடுக்கச் செலவாகும் எனர்ஜி) எல்லாவற்றையும் கிரிம்சன் விட்ச் ஆர்டிஃபாக்ட் (கேரக்டர் அணியும் பொருள்) செட்டிலேயே கரைத்துவிட்டேன். ஆயுதம் டிராகன்ஸ் பேன் ஈட்டி, லெவல் 90, ரிஃபைன்மென்ட் (அதே ஈட்டி மறுபடி கிடைத்தால் சேர்த்து ஏற்றுவது) 1. செட்டின் பீஸ்களில் முக்கிய ஸ்டாட்: சான்ட்ஸ் அட்டாக் சதவீதம், கோப்ளெட் பைரோ, சர்க்லெட் க்ரிட் டேமேஜ். க்ரிட் ரேட் (பெரிய அடி விழும் வாய்ப்பு) 31, க்ரிட் டேமேஜ் (அப்போது கூடும் அடி) 230. ஸ்கில் டேலன்ட் லெவல் 10. கான்ஸ்டலேஷன் (அதே கேரக்டர் மறுபடி கிடைத்தால் திறக்கும் பலம்) எதுவும் இல்லை. டீமில் ஷிங்ச்யூ (ஹைட்ரோ, அதாவது நீர்), பென்னட் (பைரோ), சுக்ரோஸ் (காற்று).

எப்போதாவது ஒரு பெரிய எண் வரும், உடனே ஸ்கிரீன்ஷாட் எடுப்பேன், அடுத்த ஆறு அடியும் புஸ்வாணம். நேரக்கணக்கு வைத்த ஸ்பைரல் அபிஸ் சவாலின் 12வது மாடியில் நேரம் பத்தவே இல்லை. என் நண்பனிடமும் இதே ஆயுதம்தான், மெனுவில் அவன் அட்டாக் என்னுடையதைவிடக் குறைவு, ஆனால் அவன் முடித்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறான். டிராகன்ஸ் பேனை ரிஃபைன் செய்ய விஷ் (ஆயுதம், கேரக்டர் கிடைக்கும் குலுக்கல்) போடலாமா?

கணக்குப்பிள்ளை:
விஷ்ஷை முதலில் மூடி வையுங்கள். காசு செலவில்லாமல் சரிசெய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது.

ஒன்று, மெனுவில் தெரியும் அட்டாக் ஸ்கில் போடுவதற்கு முந்தையது. ஹு தாவின் ஸ்கில் அவளுடைய மேக்ஸ் ஹெச்பியில் 6.26 சதவீதத்தை அட்டாக்காக மாற்றித் தருகிறது, அது டேலன்ட் 10 கணக்கு. அட்டாக் சான்ட்ஸின் 46.6% எதன் மேல் வேலை செய்கிறது? பேஸ் அட்டாக் மேல் மட்டும். அவளுக்கு 106, டிராகன்ஸ் பேனுக்கு 454, ஆக 560. அதில் 46.6 என்றால் 261. அதே இடத்தில் ஹெச்பி சான்ட்ஸ் வைத்தால் 15,552 பேஸ் ஹெச்பியில் 7,247 கூடும், அது ஸ்கில் வழியாக 453 அட்டாக்காக வந்து சேரும். உங்கள் நண்பரின் மெனு எண் ஏன் சின்னதாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும், அவர் ஹெச்பியில் போட்டிருப்பார். (ஸ்கில் தரும் அட்டாக்குக்கு பேஸ் அட்டாக்கின் 400% என்று உச்சவரம்பு உண்டு, உங்களுக்கு 2,240. அதைத் தொட 35,000க்கு மேல் ஹெச்பி வேண்டும், இப்போதைக்குக் கவலை வேண்டாம்.)

இரண்டு, அந்த சர்க்லெட். 31% ரேட் என்றால் பத்து அடியில் ஏழு அடி சாதா அடி, புஸ்வாணத்துக்குக் காரணம் அதுதான். சராசரியை ரேட்டையும் டேமேஜையும் பெருக்கி 1 கூட்டிப் பாருங்கள்: 0.31 பெருக்கல் 2.30, கூட்டினால் 1.713. சப்ஸ்டாட் (முக்கிய ஸ்டாட்டுடன் கூட வரும் சின்ன ஸ்டாட்கள்) அதே மாதிரி உள்ள க்ரிட் ரேட் சர்க்லெட் போட்டால் ரேட் 62.1, டேமேஜ் 167.8, சராசரி 2.042. சுமார் 19% கூடுகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் வரும் எண் மட்டும் சின்னதாகும், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரிஃபைன்மென்ட். டேமேஜ் போனஸ் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே உண்டியலில் விழுபவை, ஒன்றோடு ஒன்று கூடும், பெருகாது. கோப்ளெட் 46.6, செட்டில் 15, ஸ்கில் போட்டதும் செட்டிலிருந்து இன்னொரு 7.5, ஹெச்பி பாதிக்குக் கீழே இருந்தால் அவளுடைய பாசிவ் (தானாக வேலை செய்யும் திறன்) 33, டிராகன்ஸ் பேன் 20. மொத்தம் 122.1. ரிஃபைன்மென்ட் 5 வரை போனால் 20 என்பது 36 ஆகும், அதாவது 2.221 மடங்கு 2.381 ஆகும். ஏழு சதவீதம், அதுவும் இன்னும் நாலு ஈட்டி கிடைத்தால். வேண்டுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம்_சாமம்:
கணக்கெல்லாம் சரி, ஆனால் அந்த 33 அவருக்குக் கிடைக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே. ராக்கெட் ப்ரோ, பென்னட் பர்ஸ்ட் (எனர்ஜி நிரம்பியதும் போடும் பெரிய திறன்) போடுகிறீர்களா? அந்த வட்டம் 70% ஹெச்பி வரை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஹு தாவ் பாதிக்கு மேல் ஏறினாள் என்றால் அந்த 33 போச்சு. கான்ஸ்டலேஷன் இல்லாத பென்னட் என்றால் அட்டாக் பஃப் கிடைக்க 70க்கு மேல் இருக்க வேண்டும், அவளோ 50க்குக் கீழே இருந்தால்தான் முழுசாக அடிப்பாள். அதனால் நடுவில் 60இல் நின்றுகொண்டு இரண்டும் இல்லாமல் அடித்துக்கொண்டிருப்பீர்கள். இதே தப்பை நான் இரண்டு மாதம் செய்தேன்.

பென்னட்டைத் தூக்க வேண்டியதில்லை. பர்ஸ்டை மட்டும் தொடாதீர்கள். அவர் ஸ்கில்லால் எதிரி மேல் பைரோ ஒட்டுங்கள், உடனே சுக்ரோஸ் ஸ்கில்லால் அதைச் சுழற்றுங்கள். சுக்ரோஸிடம் விரிடெசென்ட் வெனரர் ஆர்டிஃபாக்ட் செட் நாலு பீஸ் இருந்தால் எதிரியின் பைரோ ரெசிஸ்டன்ஸ் 40 குறையும். 10 இருந்த எதிரி மைனஸ் 30க்குப் போவான், மைனஸில் பாதிதான் கணக்காகும், ஆனாலும் 0.9 மடங்கு 1.15 ஆகிறது. இது தனி உண்டியல், எதோடும் சேராமல் அப்படியே மொத்தத்தையும் பெருக்கும். கவனம், எதிரி ஏற்கெனவே நனைந்திருந்தால் சுழல்வது ஹைட்ரோ, பைரோவுக்கு ஒன்றும் குறையாது. அதனால் பென்னட், சுக்ரோஸ், பிறகு ஷிங்ச்யூ பர்ஸ்ட், கடைசியில் ஹு தாவ். குறைப்பு 10 நொடிதான் நிற்கும், இடையில் வேடிக்கை பார்க்காதீர்கள். ஹு தாவ் ஸ்கில் 9 நொடி, அவள் களத்தை விட்டுப் போனால் அதுவும் காலி, ஆகவே ஸ்கில் போட்டபின் யாருக்கும் மாறாதீர்கள்.

பனங்காட்டு_நரி:
ஹெச்பி சான்ட்ஸ் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். வேப்பரைஸ் (நீரும் நெருப்பும் சேர்ந்து அடி பெருகுவது) அடிக்கிற ஆளுக்கு எலிமென்டல் மாஸ்டரி (அந்தப் பெருக்கத்தைக் கூட்டும் ஸ்டாட்) சான்ட்ஸ்தான், நான் அதில்தான் 36 நட்சத்திரமும் எடுத்தேன்.

கணக்குப்பிள்ளை:
நரி சொல்வது தப்பில்லை, ஆனால் டிராகன்ஸ் பேனிலேயே 221 மாஸ்டரி இருக்கிறது. ஏற ஏற அதன் பலன் தேயும். 221இல் வேப்பரைஸ் போனஸ் 38%, சான்ட்ஸில் இன்னொரு 187 சேர்த்து 408 ஆக்கினால் 63%. செட் வேப்பரைஸுக்கென்று தனியாகத் தரும் 15ஐயும் வைத்துப் பார்த்தால் அடி 16% கூடுகிறது. ஹெச்பி சான்ட்ஸ் அவருக்கு உத்தேசமாக 19% தரும். வித்தியாசம் கொஞ்சம்தான். கையில் எந்த சான்ட்ஸில் க்ரிட் சப்ஸ்டாட் நன்றாக விழுந்திருக்கிறதோ அதைப் போடட்டும், அட்டாக் சான்ட்ஸைக் கழற்றினால் போதும்.

பனங்காட்டு_நரி:
சரி, மூன்று சதவீதத்துக்குச் சண்டை வேண்டாம். மாஸ்டரி இல்லாத ஈட்டியாக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

ராத்திரி_ராக்கெட்:
எல்லாருக்கும் நன்றி. பைக்குள் துழாவினால் ஹெச்பி சான்ட்ஸ் ஒன்று 0 லெவலில் தூசி படிந்து கிடந்தது, க்ரிட் ரேட் சர்க்லெட்டும் இருந்தது, ஆனால் சப்ஸ்டாட்டில் டிஃபென்ஸ் இரண்டு தடவை விழுந்த தரித்திரம். இரண்டையும் ஏற்றிப் போட்டேன். ரேட் 58இல் நிற்கிறது. பென்னட் பர்ஸ்டைத் தொடவில்லை, கை இரண்டு முறை தானாகப் போனது, முதல் முறை 33 போனதையும் கண்ணால் பார்த்தேன்.

முதல் பாதி முன்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தது, இன்று 95 நொடி. இன்னொரு சந்தேகம் அண்ணா, சார்ஜ்டு அட்டாக்குக்குப் பிறகு டேஷ் போட்டால் ஸ்டாமினா பாதியிலேயே தீர்ந்துவிடுகிறதே?

மூன்றாம்_சாமம்:
கான்ஸ்டலேஷன் 1 வந்தால்தான் ஸ்கில் நேரத்தில் சார்ஜ்டு அட்டாக் ஸ்டாமினா கேட்காது. அதுவரை டேஷுக்குப் பதிலாகக் குதியுங்கள், குதிப்பதற்கு ஸ்டாமினா போகாது. இரண்டு சாதா அடி, ஒரு சார்ஜ்டு, ஒரு குதி. குதிப்பதை சீக்கிரம் அழுத்தினால் அடி விழாமலே ரத்தாகிவிடும், எண் தெரிந்த பிறகு அழுத்துங்கள், விரல் பழக ஒரு நாள் ஆகும்.