கலைச்சொல்: ‘வளைவு இயக்க மங்கல்’ வேண்டாம், ‘வளைதீற்றல்’ பொருந்தும்

நண்பர்களுக்கு வணக்கம். படம் திருத்தும் மென்பொருள்களில் ‘மோஷன் ப்ளர்’ என்று ஒன்று உண்டு, நகரும் பொருள் படத்தில் இழுபட்டதுபோலத் தெரிவது. அதற்கும் அதன் வகைகளுக்கும் நம் அகராதியில் என்ன பெயர் வைக்கலாம் என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> மோஷன் ப்ளருக்கு ‘இயக்க மங்கல்’ என்று எழுதிவருகிறோம். அது வளைந்து வந்தால் ‘வளைவு இயக்க மங்கல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

மூன்று சொல்லிலுமே எனக்குத் தயக்கம் இருக்கிறது. ‘இயக்க’ என்பதை முதலில் பார்த்துவிடலாம். மென்பொருளின் பட்டியில் (மெனுவில்) ‘இயக்க மங்கல்’ என்று இருந்தால், ஒரு நிரலை இயக்குவதுபோல எதையோ இயக்கச் சொல்கிறார்கள் என்றுதான் கண் வாசிக்கும். கணினியில் ‘இயக்கு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ‘அசைவு’ என்று வைக்கலாம் என்றால், கேமரா பிடித்த கை நடுங்கிப் படம் கெட்டுப்போவதைச் சொல்ல அந்தச் சொல் நமக்குத் தேவைப்படும். அதனால் ‘நகர்வு’ போதும் என்பது என் எண்ணம்.

உண்மையான சிக்கல் ‘மங்கல்’தான். விளக்கு மங்குகிறது, கண் மங்குகிறது, சாயம் மங்குகிறது. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று குறைகிறது. படத்தை மொத்தமாக மென்மையாக்கும் காஸியன் ப்ளருக்கு அது ஓரளவு சரி. அது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பரவுகிறது, எவ்வளவு என்று ஓர் எண் கொடுத்தால் போதும். நகர்வில் நடப்பது வேறு. கேமராவின் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) திறந்திருக்கும் நேரம் முழுக்க, நகரும் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் தான் போன வழியைப் படத்தின் மேல் பூசிக்கொண்டே போகிறது. ஈர மையின் மேல் விரல் பட்டு இழுத்ததுபோல. அதற்குத் திசை உண்டு, நீளம் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு.

அதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: தீற்றல். ‘ஒளித்தீற்றல்’, ‘வண்ணத் தீற்றல்’ என்றெல்லாம் எழுதிப் பழகியவர்கள்தான் நாம். தீற்றுதல் என்றால் பூசுதல், மெழுகுதல். வினையாகவும் வரும் என்பது பெரிய வசதி. கட்டளையாக ‘தீற்று’ என்று பட்டியில் வைக்கலாம், முடிந்ததைத் ‘தீற்றிய அடுக்கு’ என்று சொல்லலாம்.

போன வாரம் ஊஞ்சல் ஆடும் சிறுமியின் படம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேகமான ஷட்டரில் எடுத்தது. பாவாடையின் மடிப்பு வரைக்கும் துல்லியமாக இருக்கிறது, ஆனால் ஊஞ்சல் நின்றுபோன மாதிரி தெரிகிறது. வழக்கமான மோஷன் ப்ளரைப் போட்டேன். அதில் இருப்பது கோணம், தொலைவு இரண்டுதான். பிள்ளையை யாரோ பக்கவாட்டில் தள்ளிவிட்டதுபோல் நேராக இழுத்துவிட்டது. சரி, வட்டமாகச் சுழற்றும் ஸ்பின் ப்ளர் என்று போனால் அதற்கு ஒரு மையம் வேண்டும். ஊஞ்சல் கட்டிய கொம்போ படத்துக்கு வெளியே, மேலே எங்கேயோ இருக்கிறது. கடைசியில், நாம் வரையும் கோட்டின் வழியே இழுக்கும் பாத் ப்ளரில், பாதத்தின் ஓரமாக ஒரு கோடு வரைந்து, அதன் நடுவைப் பிடித்துக் கீழே வளைத்தேன். தலையருகே சற்றுக் குட்டையாக இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடங்களுக்கான திசையை மென்பொருளே கணக்கிட்டுக்கொண்டது. பாதம் நீளமாகத் தீற்றியது, தலை கொஞ்சமாக. அப்போதுதான் ஊஞ்சல் ஆடியது.

பாதம் ஏன் நீளமாக என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வைக்கும்போது இது உதவும். ஒரு சக்கரம் நொடிக்கு 5 முறை சுற்றுகிறது, ஷட்டர் 1/30 நொடி திறந்திருக்கிறது என்றால் அந்த நேரத்தில் சக்கரம் 60 பாகை திரும்பும். மையத்திலிருந்து 50 பிக்சல் தள்ளியிருக்கும் புள்ளி ஏறக்குறைய 52 பிக்சல் நீளத்துக்குத் தீற்றும். 300 பிக்சல் தள்ளியிருப்பது 314 பிக்சலுக்குத் தீற்றும். அந்த 314-ஐ வளைக்காமல் முனைக்கு முனை நேர்கோடாக இழுத்தால், நடுவில் உண்மையான வழியைவிட்டு 40 பிக்சல் விலகிவிடும். கண் ஏமாறாது. முப்பரிமாணப் படமாக்கலிலும் இதே தொல்லைதான்: வேகமாகச் சுழலும் இறக்கையை இரண்டு நிலைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தீற்றல் நேர்கோடாக வரும், இடையில் படிகளைக் கூட்டினால்தான் வளையும்.

> ஸ்பின் ப்ளருக்கும் இதற்கும் ஒரே சொல் போதாதா? இரண்டும் வளைவுதானே?

போதாது என்று நினைக்கிறேன். ஸ்பின்னில் மையம் ஒன்று, கோணம் ஒன்று. அது சுழல் தீற்றல். ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின் 2.10 பதிப்பிலும் நேர், வட்டம், ஜூம் என்று மூன்றும் தனித்தனி வடிகட்டிகளாக இருக்கின்றன. 2014-இல் போட்டோஷாப்பில் வந்த பாத் ப்ளரில் மையமே கிடையாது. நாம் வரையும் கோடுதான் எல்லாம், ‘எஸ்’ போல நெளிந்துகூடப் போகலாம்.

இங்கே இன்னொன்று. அந்தக் கருவியில் கோட்டை வளைக்காமல் நேராகவும் விடலாம். அதனால் கருவியின் பெயரில் ‘வளை’ வரக்கூடாது. ‘பாதை’ கோப்புப் பாதைக்குப் போய்விட்டது. ‘தடம்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் போகும் வழிக்கும் போனபின் விழும் சுவடுக்கும் அது ஒரே சொல். இந்த விளைவில் இரண்டும் ஒன்றுதான். ஆக, கருவி தடத் தீற்றல். அதைக்கொண்டு வரும் வளைந்த விளைவு வளைதீற்றல். இது வினைத்தொகை, நடுவில் ‘த்’ மிகாது. ‘வளைத்தீற்றல்’ என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வோம்.

> ‘தீற்றல்’ பிரஷ் ஸ்ட்ரோக்குக்கும் பயன்படுகிறதே, குழம்பாதா?

நியாயமான கேள்வி. இரண்டு நாள் இதையே யோசித்தேன். ‘இழுவை’ என்று மாற்றிப் பார்த்தால், சுட்டியால் இழுப்பதோடு மோதுகிறது. அது இதைவிட மோசம், ஏனென்றால் கோட்டை வளைப்பதே இழுத்துத்தான். தூரிகைக்குத் ‘தூரிகை வீச்சு’ என்று கொடுத்துவிட்டால் மென்பொருளுக்குள் மோதல் இருக்காது.

மற்ற அமைப்புகளுக்கும் பெயர் எளிதாக அமைகிறது. பாத் ப்ளரில் டேப்பர் என்று ஒன்று இருக்கிறது, ஓரத்தை மெல்ல மறையச் செய்வது. ‘தீற்றல் ஒடுக்கம்’ என்றால் உடனே புரிகிறது, ‘மங்கல் ஒடுக்கம்’ என்றால் எனக்கே புரியவில்லை. கோட்டின் இரு முனைக்கும் தனித்தனியே வேகம் கொடுப்பதற்கு ‘முனை வேகம்’. ஷட்டர் மூடும் தறுவாயில் ஃப்ளாஷ் அடித்ததுபோல, பின்னால் தீற்றலும் முன்னால் தெளிவான உருவமுமாகக் காட்டும் வகைக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கடைமின்னல்’ என்று ஒன்று தோன்றியது, ஆனால் வானிலைச் செய்திபோல ஒலிக்கிறது. அதற்கு யாராவது சொல்லுங்கள், அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்தே அகராதியில் ஏற்றிவிடலாம்.