கடலில் கார்பன் பிடிக்கும் கம்பெனியில் பணம் போடலாமா?

வணக்கம் நண்பர்களே. பிஎஃப் பணம் கொஞ்சம் கைக்கு வந்திருக்கிறது. நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் சும்மாவே உறிஞ்சிக்கொள்கிறது. அதை இன்னும் கூட்டுகிறோம் என்கிற கம்பெனிகளில் போடலாமா என்று யோசனை.

கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிளானட்டரி கம்பெனி மக்னீசியம் ஹைட்ராக்சைடைக் கடலில் கலக்கிறது. காரத்தன்மை ஏறினால் அந்த வாயு பைகார்பனேட் என்ற கரைந்த பொருளாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும். வேதியியல் புரிகிறது. ஆனால் ஓடிக் கலக்கும் கடலில் எத்தனை டன் பிடிபட்டது என்று எப்படி அளக்கிறார்கள்? அங்கேதான் உதைக்கிறது.

இதேபோல கார்பனைக் கடலில் புதைக்க ஐஸ்லாந்து பக்கம் மரத் துகள்களை மூழ்கடித்த ரன்னிங் டைட் கம்பெனி, மைக்ரோசாஃப்டே வாடிக்கையாளராக இருந்தும் 2024 ஜூனில் மூடப்பட்டது.

என்னைப்போன்ற சின்ன ஆள் நுழைய வழி உண்டா? கடலியல் படித்தவர்கள், இதில் பணம் போட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.