தங்க மருந்தும் மேக்ரோஃபேஜும்: குடும்ப வாட்ஸ்அப் குழுவில்

நிலா: சித்தப்பா, மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கற வெள்ளணு) லைசேட்ல, அதாவது அந்த செல்லை உடைச்ச கரைசல்ல, தயோரெடாக்சின் ரிடக்டேஸ்ங்கற என்சைமை அளக்கணும். அதைத் தடுக்கற இன்ஹிபிட்டரா அரணோஃபினை (முடக்குவாதத்துக்கான தங்க மருந்து) போடறப்ப பஃபர்ல டிடிடி (டைதையோதிரைட்டால், கந்தகம் உள்ள சேர்மம்) இருக்கலாமா?

சித்தப்பா: கூடவே கூடாதும்மா. +1 தங்கத்துக்குக் கந்தகம்னா உயிர். டிடிடி மில்லிமோலார்ல கிடக்கும், உன் அரணோஃபின் மைக்ரோமோலார். மொத்தத்தையும் அதுவே பிடிச்சுக்கும். போதாததுக்கு, என்சைம் வேலையை நிறம் மாறிக் காட்டற டிடிஎன்பியையும் அதுவே மஞ்சளாக்கிடும். அதே மாதிரி கந்தகம் உள்ள மெர்காப்டோஎத்தனாலும் வேண்டாம்.

சித்தப்பா: வரிசை முக்கியம். பாஸ்பேட் பஃபர் 100 மில்லிமோலார், பிஎச் 7, உலோக அயனியைப் பிடிக்கற ஈடிடிஏ 10 மில்லிமோலார். லைசேட், எலக்ட்ரான் கொடுக்கற என்ஏடிபிஎச் 0.24 மில்லிமோலார், அதுக்கப்புறம்தான் அரணோஃபின். 15 நிமிஷம் விட்டு டிடிஎன்பி 5 மில்லிமோலார், 412 நானோமீட்டர்ல பாரு.

நிலா: என்ஏடிபிஎச் ஏன் முன்னாடி?

சித்தப்பா: அந்த என்சைமோட வால் நுனியில கிளைசின், சிஸ்டீன் (கந்தகம் உள்ளது), செலினோசிஸ்டீன் (செலினியம் உள்ளது), கிளைசின்னு நாலு அமினோ அமிலம். ஆக்சிஜனேற்ற நிலையில செலினியமும் கந்தகமும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிட்டிருக்கும், தங்கத்துக்கு இடமே இல்ல. என்ஏடிபிஎச் எலக்ட்ரான் கொடுத்தாதான் பூட்டு திறக்கும். திறந்த செலினியம் முனையோட (செலினால்) பிகேஏ, அதாவது ஹைட்ரஜன் அயனியை விடற பிஎச், 5.2 கிட்ட, சாதா சிஸ்டீன் 8.3 கிட்ட. அதனால பிஎச் 7ல செலினியம் எதிர்மின்னோட நிக்குது, தங்கம் நேரா அங்க போய் ஒட்டிக்குது. சுத்தமான என்சைம்னா நானோமோலார் அரணோஃபின்லயே வேலை நின்னுடும். இதே மாதிரி இன்னொரு என்சைமான குளுட்டாதையோன் ரிடக்டேஸ்ல செலினியம் கிடையாது, அது அவ்வளவு சீக்கிரம் அசையாது.

சித்தப்பா: லைசேட்ல இருக்கற குளுட்டாதையோனும் (செல்லோட சொந்தக் கந்தகச் சேர்மம்) டிடிஎன்பியை மாத்தும். அரணோஃபின் போட்டது, போடாதது ரெண்டு குழாய் வை. வித்தியாசம்தான் உன் ரீடிங்.

அத்தை: தம்பி, தங்க பஸ்பமும் இதுதானா?

செந்தில்: இல்ல அத்தை. பஸ்பத்துல பெரும்பாலும் உலோகத் தங்கத் துகள்தான். முடக்குவாத மருந்துல இருக்கறது தங்கத்தோட சேர்மம். 1929ல ஜாக் ஃபாரஸ்டியே வாதத்துக்குக் கொடுத்தது ஊசி. வாயில போடற அரணோஃபின் கேப்சூல் 1985ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. இதைச் சாப்பிடறவங்களுக்கு சிறுநீர்ல புரதம், ரத்தத்துல வெள்ளணு, தட்டணு எல்லாம் தவறாம பார்க்கணும். வாய்ப்புண், தோல் அரிப்பு வந்தா அடுத்த வேளை போடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும். ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணுன்னு மட்டும் எடுத்துடாதீங்க.

அத்தை: சரிப்பா.

நிலா: எல்பிஎஸ் (பாக்டீரியா சுவர்ப் பொருள்) போட்டு செல்லைத் தூண்டி, அரணோஃபினால டிஎன்எஃப் (அழற்சிப் புரதம்) குறையறதும் பார்க்கணும் சித்தப்பா.

சித்தப்பா: அது வேற வழி. ஐகேகே பீட்டாங்கற என்சைமோட 179வது சிஸ்டீன்ல தங்கம் உட்கார்ந்தா, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடற என்எஃப் கப்பா பிங்கற புரதம் செல்லோட கருவுக்குள்ள போகாது, டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 1, 6ன்னு அழற்சிப் புரதமெல்லாம் இறங்கும். அரணோஃபினை எல்பிஎஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடு. 0.25, 0.5, 1, 2 மைக்ரோமோலார்னு ஏத்து.

செந்தில்: செல் வளர்க்கற கரைசல்ல சீரம் அளவை நடுவுல மாத்திடாதே நிலா. சீரத்துல இருக்கற ஆல்புமின் புரதத்தோட 34வது சிஸ்டீன் தங்கத்தைப் பிடிச்சு வச்சுக்கும். 10 சதவீத சீரத்துல பார்த்த டோஸை 1 சதவீதத்துல போட்டா செல் செத்துடலாம்.

சித்தப்பா: ஆமா. செத்த செல்லும் டிஎன்எஃப் சுரக்காது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யுதுன்னு எழுதிடக் கூடாது. செல் உயிரோட இருக்கான்னு பார்க்கற எம்டிடி சாயச் சோதனையை மட்டும் நம்பாதே, அதுவே செல்லோட ரிடக்டேஸ்களை வச்சுத்தான் நிறம் மாறுது. செத்த செல்லுக்குள்ள மட்டும் நுழையற டிரிப்பான் ப்ளூ சாயம் எடு.

நிலா: சரி சித்தப்பா, ஒவ்வொரு டோஸுக்கும் எடுத்துடறேன்.

சித்தப்பா: மருந்தைக் கரைக்கற டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கன்ட்ரோலும் வைம்மா. 0.1 சதவீதம் தாண்ட வேண்டாம்.