மழை பிடித்தால் பையனுக்கு இழுப்பு: ஒற்றை அறையில் எதை முதலில் மாற்றுவது?

தாமுவே அம்மா, ரங்கூன்:
எங்கள் வீடு தரைத்தளத்தின் பின்பாதி. பன்னிரண்டரை அடி அகலக் கட்டடம். முன்பாதியில் இன்னொரு குடும்பம், நடுவே பிளைவுட் தடுப்பு. ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பின்சந்துப் பக்கம் பார்த்து. பையனுக்கு ஆறு வயது. ஜூனில் மழை பிடித்தால் அக்டோபர் வரை ஆஸ்துமா இழுப்புதான். கட்டிலோரச் சுவரில் கரும்பூஞ்சை. வெள்ளிக்கிழமை பிளீச் போட்டுத் துடைத்தால் செவ்வாய்க்கிழமை அதே வடிவத்தில் திரும்ப நிற்கிறது. கரண்ட் இருந்தால் மின்னடுப்பு, போனால் கரி அடுப்பு. ராத்திரி டெங்குக்குப் பயந்து கொசுவர்த்தி.

"ஈரமில்லாத, காற்றோட்டமான அறையில் படுக்க வையுங்கள்" என்றார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் மாடிப் பையனுக்கும் இதே நோய், இதே டாக்டர். அங்கே கேஸ், இன்வெர்ட்டர், இரண்டு பக்கமும் ஜன்னல். அவன் பந்து விளையாடுகிறான்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
தங்கச்சி, முதலில் கொசுவர்த்தியை நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்தூள் வருவதாக 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. டெங்குக் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும். வலை கட்டுங்கள், பகல் தூக்கத்துக்கும். கரியில் புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அடுப்பை வெளியே வையுங்கள்.

இன்ஹேலரை நேரே வாயில் அடிக்கிறீர்களா? பாதி மருந்து தொண்டையிலேயே ஒட்டிவிடும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே ஸ்பேசர் என்ற குழல் வைக்க வேண்டும். அதை வாங்க முடியாவிட்டால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போடுங்கள். கேப்டவுனில் செய்து பார்த்து 1999இல் வெளியிட்டார்கள். கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. நர்ஸிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மோல்மீன் கொத்தனார்:
பிளீச்சுக்குப் போடும் காசு வீண். மழையில்லாத நாளில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் நனைந்திருந்தால் காரணம் மழையாக இருக்காது, குழாய்க் கசிவாக இருக்கலாம். அதைச் சரிசெய்யும்வரை கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். பூஞ்சைமேல் மட்டும் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், வீட்டுக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள்.

தாமுவே அம்மா:
நன்றி அக்கா, அண்ணா. வலை கட்டியாச்சு. பாட்டில் மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. அடுப்பு இப்போது சந்தில். தூறினால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி.

நேற்று வெயில். சுவரைத் தொட்டேன், ஈரம். மூன்றாம் மாடிக் குளியலறையிலிருந்து இறங்கும் குழாய்தானாம். "மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர்.